பசையைப் பார்க்க வைத்த விளக்கு: ஒரு புற ஊதா எல்இடி சோதனை நிலையத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரம் புகக் கூடாத ஒரு சிறிய மின்னணுக் கருவியின் தயாரிப்பு லைன் அது. உள்ளங்கையில் அடங்கும் கருப்பு பிளாஸ்டிக் உறையின் விளிம்பைச் சுற்றி ஒரு ரோபோ 1.5 மில்லிமீட்டர் அகலத்தில் பசைக் கோடு இழுக்கும். அடுத்த நிலையத்தில் அதன்மேல் தெளிவான அக்ரிலிக் மூடி உட்காரும். அதற்கும் அடுத்து, வலுவான புற ஊதா விளக்கு ஒன்று மூடி வழியாகப் பாய்ந்து பசையை இறுக வைக்கும். 5 வினாடிக்கு ஓர் உறை நகரும். இறுகிய உறைகள் தட்டுகளில் ஆறி, சுமார் 40 நிமிடம் கழித்துக் கசிவுச் சோதனைக்குப் போகும்.

பசைக் கோடு எங்காவது இரண்டு மூன்று மில்லிமீட்டர் அறுந்திருந்தால் கசிவு நிச்சயம். ஆனால் பசை தண்ணீர் போல நிறமற்றது. ஒருவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பளபளப்பை வைத்துத்தான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிஃப்ட்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் அந்தக் கண்ணை நம்ப முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூடி உட்காருமுன் கேமரா இந்தக் கோட்டைப் பார்த்துத் தேற வைக்க வேண்டும் என்பதுதான் எங்களிடம் வந்த வேலை. 5 மெகாபிக்சல் கருப்பு-வெள்ளை கேமரா, 80 மில்லிமீட்டர் பார்வைப் பரப்பு, குறுக்கே 2448 பிக்சல். மில்லிமீட்டருக்கு 30 பிக்சல் என்றால் பசைக் கோட்டுக்கு 45 பிக்சல் கிடைக்கும். அளவில் குறையே இல்லை. வெளிச்சத்தில்தான் எல்லாச் சிக்கலும் வந்தது.

முதலில் அகச்சிவப்பு

கையில் 850 நானோமீட்டர் வளைய விளக்கு ஒன்று இருந்தது. கூடத்தின் வெள்ளை எல்இடி விளக்குகளில் அந்த அலைநீளம் ஏறக்குறைய இல்லை என்பதால், லென்ஸ் முன்னால் 850 ஃபில்டரைப் போட்டால் வெளி வெளிச்சத் தொல்லை ஒழியும். ஆப்பரேட்டரின் கண்ணும் கூசாது. அகச்சிவப்பில் பசை வேறு மாதிரித் தெரியும் என்று யாரோ சொல்லவும், அதையே முதலில் மாட்டிப் பார்த்தோம்.

படம் எங்களைத் திகைக்க வைத்தது. கருப்பு உறை வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. உள்ளே இருந்த விலா வரிகள்கூட மங்கலாகத் தெரிந்தன. உறையைத் தாங்கும் கருப்பு அலுமினியத் தாங்கியும் வெள்ளையாகப் பளிச்சிட்டது. உறையில் ஒட்டியிருந்த லேபிளின் வரிசை எண்ணைக் காணவே இல்லை. விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அந்த பிளாஸ்டிக்குக் கருப்பைக் கொடுத்தது கரித்தூள் அல்ல, சாயம். சாயங்கள் பலவும் கண்ணுக்குத்தான் கருப்பு. 850இல் அவை ஒளியை விட்டுவிடும். அலுமினியத்துக்கு ஏற்றிய கருப்பும் அதே ரகம். லேபிள் மையும் அப்படியே. கரித்தூள் கலந்த பொருள் என்றால் அகச்சிவப்பிலும் கருப்பாகவே நிற்கும்.

இதற்கு நடுவே படம் கொஞ்சம் மசமசவென்றும் இருந்தது. சாதாரண வெளிச்சத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு விளக்கை மட்டும் மாற்றியிருந்தோம். லென்ஸ் எல்லா அலைநீளத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. 850இல் குவியம் தள்ளிப் போகிறது. அந்த விளக்கின் கீழேயே மறுபடி ஃபோகஸ் செய்து திருகை இறுக்கியதும் சரியானது.

ஃபோகஸ் சரியாகியும் பசை மட்டும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெளிவாக இருப்பது 850இலும் தெளிவாகவே இருந்தது. இத்தகைய கரிமப் பொருள்கள் அகச்சிவப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் உறிஞ்சுவது இன்னும் நீண்ட அலைநீளங்களில்தான். 1,200, 1,400, 1,700 நானோமீட்டர் பக்கம். சிலிக்கான் சென்சாரோ 1,100இலேயே குருடாகிவிடும். அந்தப் பக்கம் பார்க்க வேறு வகைக் கேமரா வேண்டும். அந்தச் செலவுக்கு இந்த வேலை தாங்காது என்று முடிவு செய்து அகச்சிவப்பை ஓரம் வைத்தோம்.

புற ஊதாவுக்கு மாறியது

பசையின் விவரத் தாளைப் படித்தவர் எங்கள் குழுவின் இளையவர். அதில் ஒளிரும் பொருள் கலந்திருப்பதாக ஒரு வரி இருந்தது. 365 நானோமீட்டர் ஒளி பட்டால் அது நீலமாக ஒளிரும். ஆய்வு செய்பவர்களுக்காகவே சேர்ப்பது. ஒரு கை விளக்கை வாங்கி அடித்துப் பார்த்தோம். இருட்டில் உறையின் விளிம்பு முழுக்க நீலக் கோடாக எழுந்து நின்றது. அன்றைக்கு எங்களுக்கு வேலை முடிந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

சரி, 365 வளைய விளக்கை மாட்டினோம். லென்ஸ் முன்னால் நீலத்தை மட்டும் விடும் ஃபில்டர். பசையின் ஒளிர்வு மட்டும் கேமராவுக்குப் போக வேண்டும், விளக்கின் ஒளி நேராகப் போகக் கூடாது என்பது கணக்கு. ஆனால் உறையின் பளபளப்பான மூலைகளில் வெள்ளைப் பொட்டுகள் விழுந்தன. மென்பொருள் அவற்றைப் பசை என்று எண்ணியது. 365 எல்இடி 365இல் மட்டும் எரிவதில்லை. அதன் ஒளியின் வால் 400ஐத் தாண்டி ஊதா நிறம் வரை நீளும். அந்த வால்தான் பளபளப்பில் பட்டுத் தெறித்து வந்தது. புற ஊதாவை விட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் கருப்புக் கண்ணாடியை விளக்கின் முகத்தில் பொருத்தியதும் பொட்டுகள் மறைந்தன. லென்ஸுக்கு ஃபில்டர் போடுவார்கள், விளக்குக்குப் போட மறந்துவிடுவார்கள். நாங்களும் மறந்திருந்தோம்.

கூடத்து விளக்கும் தொல்லை கொடுத்தது. வெள்ளை எல்இடியின் அடிப்படை 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம். எங்கள் ஃபில்டர் விடுவதும் அதே நீலம். அதனால் நிலையத்தைச் சுற்றி உலோகக் கூடு கட்டினோம். முன்பக்கம் திறந்தே இருந்தது. அந்தத் திறப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு தொல்லை, பஞ்சு. வெள்ளைத் துணிக் கையுறையிலும் துடைக்கும் துணியிலும் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கும். அதுவும் 365இல் நீலமாகத்தான் ஒளிரும். பசை அறுந்த இடத்தில் ஒரு நூலிழை குறுக்கே விழுந்திருந்தால் கேமராவுக்குக் கோடு தொடர்ச்சியாகவே தெரிந்தது. அதன்பிறகு கையுறையோ துணியோ புதிதாக எது வந்தாலும் முதலில் அந்த விளக்கின் கீழ் காட்டி, ஒளிராவிட்டால் மட்டுமே லைனுக்குள் விடுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

பின்னால் வினையான ஒரு முடிவையும் இங்கே பதிய வேண்டும். உறை வந்து நின்றதா என்று அறியத் தனி சென்சார் வைக்கவில்லை. கேமராவே இடைவிடாமல் படம் எடுத்து, உறையைக் கண்டதும் அளக்கட்டும் என்று விட்டோம். உறை தாங்கியில் இரண்டு மில்லிமீட்டர் வரை முன்னே பின்னே உட்காருவதால் அதன் இடத்தையும் கேமராதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே புற ஊதா விளக்கு எப்போதும் எரிந்தது. ஒரு கம்பி மிச்சம், ஒரு சென்சார் மிச்சம். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

கசிவுகள்

முதல் மூன்று வாரம் நன்றாக ஓடியது. அறுந்த கோடுகளைக் கேமரா பிடித்தது. கசிவுச் சோதனையில் விழுபவை குறைந்தன. அப்புறம் புதிதாக ஒரு வகைக் கசிவு தலைகாட்டியது. கேமரா தேற வைத்த உறை, படத்தை எடுத்துப் பார்த்தால் கோடு முழுசாக, அழகாக இருக்கிறது, ஆனாலும் கசிகிறது. மூடியைப் பிரித்தால் பசை உறையோடு ஒட்டியிருந்தது, மூடியில் ஒட்டவே இல்லை. மூடியின் அடிப்பக்கம் துடைத்து வைத்தது போல் சுத்தம்.

சில நாள் ஒன்றுகூட இருக்காது. சில நாள் ஐந்தாறு வரும்.

முதல் சந்தேகம் மூடி மீது: எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம் என்று கழுவிப் பார்த்தார்கள். மாற்றமில்லை. பிறகு பசையின் தொகுதி எண்ணைப் பார்த்தார்கள். கசிந்தவை பல தொகுதிகளில் கலந்து கிடந்தன. அடுத்து இறுக வைக்கும் பெரிய விளக்கின் வலுவை அளந்தார்கள், சரியாகவே இருந்தது. கசிவுச் சோதனை 40 நிமிடம் தள்ளி நடப்பதால், கசிந்த உறை பசை நிலையத்தில் எந்த நேரத்தில் இருந்தது என்று யாரும் திரும்பிக் கணக்குப் பார்க்கவில்லை. நாங்களும் எங்கள் படங்களில் நேரத்தைப் பதிந்திருந்தோமே தவிர, அதைக் கசிவுச் சோதனைப் பதிவோடு சேர்க்கவில்லை.

கண்டுபிடித்தவர் இரவு ஷிஃப்ட் ஆப்பரேட்டர் ஒருவர். கசிந்த உறைகளின் தட்டு எண்ணையும் குழி எண்ணையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வந்திருக்கிறார். ஒரு நாள் எங்கள் பொறியாளரிடம், "சார், பிரேக் முடிஞ்சு லைன் ஓட ஆரம்பிச்சதும் வர்ற முதல் ரெண்டு பீஸ்தான் கசியுது. நடுவுல வர்றது எதுவும் கசியறதில்லை" என்றார். நோட்டைப் புரட்டினால் பத்து நாள் கணக்கும் அப்படியே இருந்தது. சாப்பாட்டு நேரம், ஷிஃப்ட் மாற்றம், ரோபோ மக்கர் செய்து நின்ற நேரம் என ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பிறகு ஒன்றிரண்டு.

காரணம் தேடியது

நிறுத்தம் என்றதும் எல்லோரும் ரோபோவின் ஊசியைப் பார்த்தார்கள். நின்ற நேரத்தில் ஊசி முனையில் பசை காய்ந்திருக்கலாம். அதனால் நின்று கிளம்பும்போது கொஞ்சம் பசையை வெளியே தள்ளிவிட்டுத் தொடங்கும்படி மாற்றினார்கள். நியாயமான யோசனைதான், ஆனால் கசிவு நிற்கவில்லை.

நிறுத்தத்தின்போது எந்த உறை எங்கே நிற்கிறது என்று வரைந்து பார்த்தபோதுதான் எங்கள் தலை எங்கள் பக்கமே திரும்பியது. கசிந்த முதல் உறை, நின்ற நேரம் முழுக்க எங்கள் கேமராவுக்குக் கீழே இருந்த உறை. இரண்டாவது, அதற்கு அடுத்த தாங்கியில், விளக்கின் ஓரத்து வெளிச்சத்தில் இருந்தது. இந்தப் பசை 365இல் இறுகும் பசை. நாங்கள் அதற்கு மேலே தொங்கவிட்டிருந்ததும் 365.

இதை ஒப்புக்கொள்ள எங்களுக்கு அரை நாள் ஆனது என்பதை மறைக்கத் தேவையில்லை. "நம்முடையது பார்க்கிற விளக்கு, இறுக வைக்கிற விளக்கு இல்லை" என்பதே வாதமாக இருந்தது. பசைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மூன்று உறைகளில் பசை போட்டு ஒரு சோதனை வைத்தோம். ஒன்று விளக்கின் கீழ் 15 நிமிடம். இன்னொன்று அதே இடத்தில், அதே நேரம், அலுமினியத் தாளால் மூடப்பட்டு. மூன்றாவது ஒரு பெட்டிக்குள் இருட்டில். பிறகு மூன்றுக்கும் மூடி போட்டு இறுக வைத்தோம். திறந்திருந்தது கசிந்தது. மற்ற இரண்டும் கசியவில்லை.

இதில் ஒரு விஷயம் எல்லோரையும் ஏமாற்றியிருந்தது. விளக்கின் கீழ் 15 நிமிடம் இருந்த பசையை விரல் நுனியால் தொட்டால் இன்னும் ஈரமாகப் பிசுபிசுக்கும். முன்பே ஒருவர் தொட்டுப் பார்த்து "காயவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லியிருந்தார். நாங்கள் ஓர் ஊசி முனையை உள்ளே விட்டு இழுத்தோம். மேலே மெல்லிய ஈரப் படலம். அதன் அடியில் ரப்பர் போல ஜெல், ஊசியோடு துண்டாக எழுந்து வந்தது. இந்த வகை அக்ரிலிக் பசைகளில் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பு இறுகுவதைத் தடுக்கும். விளக்கு எவ்வளவு மெலிதோ அவ்வளவு அதிகமாகத் தடுக்கும். அதனால் மேலே பார்த்தால் புதுப் பசை, உள்ளே முக்கால்வாசி முடிந்த கதை. மூடி வந்து அமரும்போது அந்த ஜெல் பரவி மூடியை நனைப்பதில்லை. கேமராவுக்கும் இது தெரியாது: இறுகிய பசையும் இறுகாத பசையும் எங்கள் படத்தில் ஒரே நீலம்.

அளவுகள்

365க்கான ஒளிமானி ஒன்றை வரவழைத்து, உறை நிற்கும் இடத்தில் வைத்தோம். சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிவாட். ஓடும் லைனில் உறை 5 வினாடி நிற்கிறது. அப்படியானால் 20 மில்லிஜூல். பசை முழுசாக இறுக அதன் விவரத் தாள் கேட்பது சதுர சென்டிமீட்டருக்கு 3 ஜூல். நூறில் ஒரு பங்குகூட இல்லை, ஓடும்வரை ஆபத்தில்லை. ஆனால் 10 நிமிடம் நின்றால் 2.4 ஜூல் சேர்ந்துவிடும். நிறுத்த நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததில், 3 நிமிடத்திலேயே ஊசியில் நூல் போல இழை எழுந்தது.

அதே மானி இன்னொன்றையும் சொன்னது. சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிவாட் என்பது சதுர மீட்டருக்கு 40 வாட். விளக்குகளின் ஒளிப் பாதுகாப்புக்கான ஐஇசி 62471 தரநிலையில், கண்ணுக்கு 1,000 வினாடிக்கு மேல் படும் புற ஊதா-ஏ ஒளிக்கு (365உம் இதில் அடங்கும்) வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட். உறை நிற்கும் இடத்தில் யாரும் கண்ணை வைப்பதில்லைதான். ஆனால் முன்பக்கம் திறந்திருந்த அந்தக் கூட்டுக்குள் தலையை நுழைத்துத் தாங்கியைத் துடைப்பவர்கள் இருந்தார்கள். 365 கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். கூசாததால் யாரும் முகத்தைத் திருப்புவதில்லை.

மாற்றியவை

விளக்கை எப்போதும் எரிய விடுவதை நிறுத்தினோம். ஸ்ட்ரோப் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து, படம் எடுக்கும் 5 மில்லிவினாடிக்கு மட்டும் மூன்று மடங்கு ஒளியில் எரிய வைத்தோம். முன்பு எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா ஒளியை வாங்கும் நேரம், 20 மில்லிவினாடி. கேமராவுக்குக் கிடைக்கும் ஒளி கொஞ்சம் குறைந்தது. லென்ஸ் துளையைச் சற்றே திறந்து ஈடு கட்டினோம். பசைக்குக் கிடைப்பதோ உறைக்கு 20 மில்லிஜூலிலிருந்து 0.06 மில்லிஜூலாக இறங்கியது. லைன் நின்றால் விளக்கே எரியாது.

உறை வந்ததையும் அதன் இடத்தையும் யார் பார்ப்பது? ஓரம் வைத்த 850 விளக்கு இங்கே திரும்பி வந்தது. சின்னக் கேமரா ஒன்றை 850 ஃபில்டரோடு பக்கத்தில் பொருத்தினோம். அகச்சிவப்பு எவ்வளவு நேரம் பட்டாலும் இந்தப் பசை இறுகாது, அதைத் தூண்டும் பொருள் அந்த அலைநீளத்தை உறிஞ்சுவதில்லை. பெரிய கேமராவின் நீல ஃபில்டர் 850ஐ விடாது. சின்னக் கேமராவின் ஃபில்டர் நீலத்தை விடாது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. வெளிர் உறையும் வெளிர் தாங்கியும் பிரித்தறிய முடியாமல் இருந்ததுதான் மிச்சம். தாங்கியின் மேல் கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஒட்டினோம், விளிம்பு கத்தி போல விழுந்தது.

கூட்டின் முன்பக்கத்துக்குக் கதவு போட்டு, திறந்தால் விளக்கு அணையும்படி செய்தோம்.

மாற்றத்துக்குப் பின்

முதல் நாள் வேண்டுமென்றே சாப்பாட்டு நேரத்தை ஒட்டி அரை மணி நேரம் லைனை நிறுத்தி வைத்தோம். நின்ற உறைகளுக்குத் தனி அடையாளமிட்டு அனுப்பினோம். எதுவும் கசியவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில், நிறுத்தத்தை ஒட்டிய கசிவு ஒன்றுகூட அந்த ஆப்பரேட்டரின் நோட்டில் ஏறவில்லை. வேறு கசிவுகள் இருந்தன. அவை ரோபோ ஊசி அடைப்பால் வந்தவை, கேமரா பிடிக்க வேண்டியவற்றைப் பிடித்தது.

எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. எப்போதும் எரிந்த காலத்தில் காலை முதல் அரை மணி நேரம் படம் மெல்ல மங்கிக்கொண்டே போகும், எல்இடி சூடேற ஒளி குறையும். ஸ்ட்ரோபில் அது சூடேறுவதே இல்லை.

ஒரு சறுக்கலும் உண்டு. ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் படம் திடீரென்று இருண்டு, எல்லா உறையும் ரிஜெக்ட் ஆனது. மெயின்டனன்ஸில் யாரோ நல்லெண்ணத்தோடு, தூசு படாமலிருக்க விளக்கின் மேல் பாலிகார்பனேட் தகடு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கண்ணுக்குத் தெளிவான அந்தத் தகடு 365ஐ விடவே விடாது. கழற்றியதும் சரியானது. இப்போது விளக்கின் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது.

மறுபடி செய்வதானால்

பசையின் விவரத் தாளில் எது ஒளிரும் என்ற வரியைப் படித்த அதே நாளில், எது இறுக வைக்கும் என்ற வரியையும் படித்திருப்போம். இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. ஒளிமானியை முதல் நாளே வைத்திருப்போம். படம் நன்றாக வருகிறது என்பதால் ஒளியை அளக்கத் தோன்றவில்லை. ஒப்புதல் சோதனையில் லைன் ஓடுவதை மட்டும் பார்த்தோம், நிறுத்திப் பார்க்கவில்லை. இப்போது எங்கள் ஒப்புதல் பட்டியலில் "அரை மணி நேரம் நிறுத்து, பிறகு ஓட்டு" என்பது முதல் வரி. கசிவுச் சோதனைப் பதிவும் கேமராப் பதிவும் ஒரே உறை எண்ணில் சேர்கின்றன. அது முன்பே இருந்திருந்தால் நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. எல்இடி ஆண்டுகள் போகப் போக மங்கும். அதைத் தினமும் பார்க்க, ஒளிரும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைத் தாங்கியில் வைத்துப் படமெடுக்கிறார்கள். அந்தத் துண்டும் புற ஊதா படப்பட மெல்ல மங்கும். அதனால் அதே தகட்டில் வெட்டிய இரண்டாவது துண்டு ஒன்று ஒளி புகாத கவரில், மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதை எடுத்து, முதல் துண்டோடு ஒப்பிட்டுவிட்டு, மறுபடி உள்ளே வைத்துவிடுகிறார்கள்.